மாலைப் பசிக்கு 12 கிராம் புரதம்

எடை குறைக்க நினைப்பவர்கள் பெரும்பாலும் காலைப் பலகாரத்திலும் மதியச் சோற்றிலும்தான் கை வைக்கிறார்கள். நான்கு இட்லி மூன்றாகும், சோற்றில் ஒரு கரண்டி குறையும். பகல் முழுக்க ஒழுங்காகப் போகும். மாலை நான்கரைக்கு டீயோடு இரண்டு பிஸ்கட், ஐந்தரைக்கு ஒரு கை மிக்சர், ஆறரைக்குப் பிள்ளைகளுக்கு வாங்கிய பஜ்ஜியில் ஒன்று, எட்டரைக்கு அடங்காத பசியோடு நான்கு தோசை. பகலில் மிச்சம் பிடித்தது எல்லாம் இந்த நான்கு மணி நேரத்தில் காணாமல் போய்விடும்.

இந்த நேரத்தைச் சரிசெய்தாலே பாதி வேலை முடிந்தது என்பது என் உறுதியான கருத்து. மன உறுதி போதவில்லை என்று யாரும் தன்னைத் திட்டிக்கொள்ள வேண்டாம். மதியம் ஒரு மணிக்குச் சோறும் சாம்பாரும் பொரியலும் சாப்பிட்ட உடம்புக்கு ஐந்து மணிக்குப் பசிக்கத்தான் செய்யும். அந்தச் சாப்பாட்டில் மாவுச்சத்து நிறைய, புரதம் கொஞ்சம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நாடு தழுவிய நீரிழிவு ஆய்வான ஐசிஎம்ஆர்-இண்டியாப் 2025-இல் வெளியிட்ட முடிவும் இதையே சொன்னது: இந்தியர்கள் சாப்பிடும் கலோரியில் ஏறக்குறைய 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வருகிறது, புரதத்தின் பங்கு 12 சதவீதத்தை ஒட்டியே நிற்கிறது.

புரதம் பசியை நீண்ட நேரம் தள்ளிப்போடும். அதைச் செரிக்கவே அதன் கலோரியில் 20 முதல் 30 சதவீதம் செலவாகிவிடும். மாவுச்சத்துக்கு இந்தச் செலவு 5 முதல் 10 சதவீதம்தான். இதைவிட முக்கியமானது, எடை இறங்கும்போது கொழுப்போடு தசையும் கரையாமல் அது காக்கிறது. தசை கரைந்து எடை குறைந்தவருக்குச் சோர்வு வரும், குறைந்த எடையும் சீக்கிரம் திரும்பிவிடும்.

எவ்வளவு வேண்டும், எவ்வளவு கிடைக்கிறது

ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020-இல் வகுத்த அளவுப்படி, ஒரு கிலோ உடல் எடைக்கு நாளுக்கு 0.83 கிராம் புரதம் வேண்டும். 65 கிலோ ஆணுக்கு 54 கிராம், 55 கிலோ பெண்ணுக்கு 46 கிராம். இது ஆரோக்கியமாக இருப்பவர் அப்படியே இருக்கப் போதுமான அளவு. சாப்பாட்டைக் குறைத்து எடையை இறக்கும்போது கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் வரை வைத்துக்கொள்வது நல்லது. இந்தக் கணக்கை இப்போதுள்ள எடைக்குப் போடாமல் இருக்க வேண்டிய எடைக்குப் போடுங்கள். உயரத்தைச் சென்டிமீட்டரில் எடுத்து 100-ஐக் கழித்தால் தோராயமாக அது வரும். 160 சென்டிமீட்டர் உயரமானவருக்கு 60 கிலோ, அதாவது நாளுக்கு 60 முதல் 72 கிராம் புரதம்.

இப்போது ஒரு சைவ வீட்டின் சாதாரண நாளைக் கூட்டிப் பாருங்கள். மூன்று இட்லியில் 6 கிராம், சாம்பார் சட்னியில் 3 அல்லது 4. மதியம் 100 கிராம் அரிசிச் சோற்றில் 8, சாம்பார்ப் பருப்பில் 4, பொரியலில் 2, ஒரு கப் தயிரில் 3. காப்பியும் டீயும் சேர்த்து 5 அல்லது 6. இரவு மூன்று சப்பாத்தியும் குருமாவும் 10. மொத்தம் 41 முதல் 43 கிராம். தேவைக்கும் கிடைப்பதற்கும் நடுவே குறைந்தது 17 கிராம் பள்ளம் இருக்கிறது. சோற்றைக் குறைத்தால் பள்ளம் இன்னும் பெரிதாகும், ஏனென்றால் நம் புரதத்தில் பெரும்பங்கு அரிசியிலிருந்தும் கோதுமையிலிருந்தும்தான் வருகிறது. ‘சோற்றை நிறுத்திவிட்டேன், தலைமுடி கொட்டுகிறது’ என்று சொல்பவர்களின் தட்டில் சோறு போன இடத்தில் வேறு எதுவும் வந்திருக்காது. அங்கேதான் கோளாறு.

இந்தப் பள்ளத்தில் 12 முதல் 15 கிராமை மாலை வேளையிலேயே நிரப்பிவிடலாம். மீதியைக் காலையில் ஒரு முட்டையோ மதியம் இன்னொரு கரண்டி கெட்டிப் பருப்போ பார்த்துக்கொள்ளும்.

எதை எடுப்பது என்று முடிவுசெய்ய ஒரே ஒரு அளவுகோல் போதும்: 100 கலோரிக்குக் குறைந்தது 5 கிராம் புரதம் இருக்கிறதா? கொண்டைக்கடலையில் 5-க்குச் சற்று மேல், பொட்டுக்கடலையில் 6, பச்சைப் பயறில் 6-க்கு மேல், பனீரில் 6 முதல் 7, முட்டையில் 8, மீல் மேக்கரில் 15. வேர்க்கடலை 4 கிராமில் நின்றுவிடும், அதில் எண்ணெய் அதிகம். மிக்சர், முறுக்கு, காராச்சேவு எல்லாம் 2 முதல் 3. பிஸ்கட், ரஸ்க் அதற்கும் கீழே. பாதாமைப் பலர் புரதமாக நினைக்கிறார்கள். பத்துப் பாதாமில் இரண்டரை கிராம் புரதம், 70 கலோரி. நல்ல பருப்புதான், ஆனால் அதைவிட மலிவாகப் பொட்டுக்கடலை கிடைக்கிற ஊரில் புரதத்துக்காக அதை வாங்க வேண்டியதில்லை.

சுண்டல்: அளவும் பக்குவமும்

நவராத்திரிக்கு ஒன்பது நாள் செய்து கொடுத்துவிட்டு மற்ற நாளில் மறந்துவிடுகிற சுண்டல்தான் இதற்கெல்லாம் மேலான விடை. அளவை எப்போதும் காய்ந்த கடலையில் பாருங்கள். வெந்தபின் கிண்ணத்தில் பார்த்தால் தண்ணீரும் சேர்ந்து ஏமாற்றும். ஒருவருக்கு 50 கிராம் காய்ந்த கறுப்புக் கொண்டைக்கடலை, அதாவது தலைதட்டிய நான்கு டேபிள்ஸ்பூன். வெந்தால் 110 முதல் 120 கிராம் வரும். புரதம் 9 முதல் 9.5 கிராம், கலோரி 175-ஐ ஒட்டி. பக்கத்தில் 100 கிராம் கெட்டித் தயிரோ ஒரு டம்ளர் சர்க்கரையில்லாப் பாலோ வைத்தால் 12 தாண்டிவிடும். பயறில் குறைவாக இருக்கும் மெதியோனைன் என்ற அமினோ அமிலத்தைப் பால் ஓரளவு ஈடுகட்டும். அன்றைய சாப்பாட்டில் இருக்கும் அரிசியும் கோதுமையும் அதையே செய்யும். ஒரே வேளையில் சேர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

கடலையை 8 முதல் 10 மணி நேரம் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, இரண்டு முறை அலசி, புதுத் தண்ணீரில் வேகவையுங்கள். வாயுத் தொல்லை தரும் சர்க்கரைச் சத்துகளில் ஒரு பங்கு ஊறவைத்த தண்ணீரோடு போய்விடும். கடலைக்கு மேல் இரண்டு விரல் உயரம் தண்ணீர், உப்பு, பிறகு 5 அல்லது 6 விசில், அடுப்பைக் குறைத்து இன்னும் 5 நிமிடம். ஆவி தானாக அடங்கட்டும். விசிலைக் கரண்டியால் தூக்கி உடனே திறந்தால் தோல் பிரிந்து, உள்ளே கல்லாக இருக்கும்.

இவ்வளவு செய்தும் வேகவில்லை என்றால் இரண்டு காரணங்களைப் பாருங்கள். ஒன்று பழைய சரக்கு. ஓராண்டுக்கு மேல் கிடந்த கடலை எத்தனை விசில் விட்டாலும் இளகாது. இன்னொன்று போர்த் தண்ணீர். உப்புத் தண்ணீரில் இருக்கும் கால்சியமும் மக்னீசியமும் கடலைத் தோலை இறுக்கிவிடும். கேன் தண்ணீரிலோ வடிகட்டிய தண்ணீரிலோ ஊறவைத்து அதிலேயே வேகவைத்துப் பாருங்கள், அதே கடலை பூப்போல வேகும். சோடா உப்பு போட வேண்டுமென்றால் இரண்டு விரலால் எடுக்கும் ஒரு சிட்டிகைக்கு மேல் வேண்டாம். அதிகமானால் கடலை கூழாகும், வைட்டமின் பி1-உம் அழியும்.

சுண்டல் கெட்டுப்போகும் இடம் தாளிப்பு. ஒருவருக்கு அரை டீஸ்பூன் எண்ணெய் போதும்: கடுகு, காய்ந்த மிளகாய், கறிவேப்பிலை, தாராளமாகப் பெருங்காயம், பொடியாக நறுக்கிய இஞ்சி. துருவிய தேங்காய் ஒருவருக்கு ஒரு டேபிள்ஸ்பூன், சுமார் 25 கலோரி. நால்வருக்குச் செய்யும் சுண்டலில் ஒரு முழு மூடித் தேங்காயைத் துருவிப் போடுவது பல வீடுகளில் வழக்கம். ஒரு மூடியில் 400 கலோரிக்கு மேல் இருக்கும், ஆளுக்கு 100 கூடிவிடும். தேங்காயே வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். வறண்ட சுண்டலை நான்காம் நாள் யாரும் தொடமாட்டார்கள். மெரினாவில் விற்கும் தேங்காய் மாங்காய் பட்டாணிச் சுண்டலின் ருசியில் பாதி மாங்காயின் புளிப்பில் இருக்கிறது. மாங்காய், எலுமிச்சை, வெங்காயம், துருவிய கேரட் இவற்றைக் கூட்டினால் தேங்காய் குறைந்தது தெரியாது.

எலுமிச்சைக்கு இன்னொரு வேலையும் உண்டு. கடலையில் உள்ள இரும்புச்சத்தை உடம்பு எடுத்துக்கொள்ள வைட்டமின் சி துணைசெய்யும். டீயும் காப்பியும் நேர்மாறானவை, அவற்றில் உள்ள துவர்ப்புப் பொருள் இரும்பைக் கட்டிப்போடும். ஆகவே சுண்டலையும் டீயையும் ஒன்றாக வைத்துக்கொள்ளாதீர்கள். டீ நான்கு மணிக்கு என்றால் சுண்டல் ஐந்து மணிக்கு. ரத்தசோகை உள்ள பெண்களுக்கு இந்த ஒரு மணி நேர இடைவெளி பெரிய விஷயம்.

‘கடலை சாப்பிட்டால் வாயு’ என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வது வீண் பயம் அல்ல. பழக்கமில்லாத குடலுக்கு முதல் நாளே 50 கிராம் கடலை கொடுத்தால் வயிறு உப்பிக்கொள்ளும், மறுநாள் சுண்டலே வேண்டாம் என்றாகிவிடும். பச்சைப் பயறில் தொடங்குங்கள், அது எளிதில் செரிக்கும். 25 கிராம் பயறை நான்கு மணி நேரம் ஊறவைத்து ஒரே விசில். ஒரு வாரம் கழித்துத் தட்டைப் பயறு, அதன்பின் கொண்டைக்கடலை. மொச்சையும் ராஜ்மாவும் கடைசியில். ராஜ்மா மட்டும் அரைவேக்காட்டில் ஆகவே ஆகாது. அதில் இருக்கும் லெக்டின் என்ற நச்சுப் புரதம் வாந்தி பேதியில் கொண்டுவிடும், நன்றாகக் கொதித்து மசியும் அளவுக்கு வேக வேண்டும். இரண்டு மூன்று வாரத்தில் குடல் பழகிவிடும். நார்ச்சத்து கூடும்போது தண்ணீரும் கூட வேண்டும், இல்லாவிட்டால் மலச்சிக்கல் வரும்.

கொள்ளு பற்றி ஒரு வார்த்தை. ‘கொழுத்தவனுக்குக் கொள்ளு’ என்ற பழமொழியை நம்பி வெறும் வயிற்றில் கொள்ளுத் தண்ணீர் குடிப்பவர்கள் நிறையப் பேர். கொள்ளில் 100 கிராமுக்கு 22 கிராம் அளவுக்குப் புரதம் இருக்கிறது, கொழுப்பு மிகக் குறைவு. அந்தச் சத்து பருப்பில் இருக்கிறது, வடித்த தண்ணீரில் கொஞ்சம்தான். தண்ணீரை ரசமாக வையுங்கள், வெந்த கொள்ளைச் சுண்டலாகவோ துவையலாகவோ சாப்பிடுங்கள். கொழுப்பைத் தனியாகப் பிடித்துக் கரைக்கும் சக்தி அதற்குக் கிடையாது.

முளைகட்டிய பயறும் இப்படித்தான். முளைகட்டினால் புரதம் இரண்டு மடங்காகும் என்பது தவறு. 30 கிராம் பயறில் இருக்கும் 7 கிராம் புரதம் முளைத்த பிறகும் ஏறக்குறைய 7 கிராமே. கிண்ணம் நிறைவதற்குக் காரணம் தண்ணீர். வைட்டமின் சி கூடும், செரிமானம் எளிதாகும், அந்த லாபம் உண்மை. ஆனால் நம் வெயிலில் ஈரத்துணியில் 12 மணி நேரம் கிடக்கும் பயறில் கிருமிகளும் சேர்ந்து வளரும். ஆகவே பச்சையாகச் சாப்பிடாமல் இட்லிப் பானையில் 5 நிமிடம் ஆவியில் வைத்துவிடுங்கள். கர்ப்பிணிகளும் வயதானவர்களும் இதைக் கட்டாயமாகச் செய்ய வேண்டும்.

தினமும் ஊறவைக்க முடியாதவர்கள் ஞாயிற்றுக்கிழமை 300 கிராம் கடலையை ஒன்றாக வேகவைத்து, ஆறவிட்டு, தண்ணீர் வடித்து, மூன்று டப்பாக்களில் போட்டுவிடலாம். ஒன்று ஃப்ரிட்ஜில் மூன்று நாளைக்கு, மற்ற இரண்டும் ஃப்ரீசரில். அன்றன்றைக்கு வேண்டியதை மட்டும் எடுத்து ஐந்து நிமிடத்தில் தாளித்துக்கொள்ளுங்கள். தாளித்துத் தேங்காய் போட்டு மொத்தமாக வைத்தால் இரண்டாம் நாளே ஊசிவிடும். இரவு ஊறவைக்க மறந்துவிட்டால் கொதிக்கும் தண்ணீரை ஊற்றி மூடி வைத்தால் இரண்டு மணி நேரத்தில் ஓரளவு ஊறும். விசில் மட்டும் இரண்டு கூட விடுங்கள்.

மற்றவை

முட்டை இருக்கும் வீட்டில் கணக்கு சுலபம். இரண்டு அவித்த முட்டை 12 முதல் 13 கிராம் புரதம், சுமார் 150 கலோரி. கொதித்த தண்ணீரில் 10 நிமிடம் போதும். அதற்கு மேல் போனால் மஞ்சள் கருவைச் சுற்றிப் பச்சைச் சாயல் வரும், கந்தக வாடை அடிக்கும், அதனாலேயே பலருக்கு முட்டை பிடிக்காமல் போகிறது. மிளகுத்தூள், உப்பு, பொடி வெங்காயம் தூவிச் சாப்பிடலாம். கொலஸ்ட்ரால் கூடுதலாக இருக்கிறது என்று மருத்துவர் சொன்னவர்கள் ஒரு முழு முட்டையோடு இரண்டு வெள்ளைக்கரு எடுத்துக்கொண்டால் 13 கிராம் கிடைத்துவிடும். முட்டை போண்டாவை இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாம், மேலே இருக்கும் மாவு எண்ணெயைக் குடித்திருக்கும்.

மீல் மேக்கரைப் பலர் வாடைக்காக ஒதுக்குகிறார்கள். 25 கிராமில் 13 கிராம் புரதம், 85 முதல் 90 கலோரி என்ற கணக்குக்கு அருகே சைவத்தில் வேறெதுவும் வராது. உப்புப் போட்ட கொதிநீரில் 5 நிமிடம் விட்டு, குளிர்ந்த தண்ணீரில் அலசி, கையால் இறுகப் பிழிந்து, மறுபடி அலசிப் பிழியுங்கள். இரண்டாவது பிழிவில்தான் வாடை போகிறது. பிறகு ஒரு டீஸ்பூன் எண்ணெயில் வெங்காயம், பூண்டு, மிளகு, சோம்புத்தூள் போட்டு 7, 8 நிமிடம் சுருள வறுத்தால் மிளகு வறுவலாக நன்றாகவே இருக்கும். பொரிக்காதீர்கள், ஊறிய மீல் மேக்கர் வாணலி எண்ணெயை இழுத்துக்கொள்ளும். வாரத்தில் இரண்டு மூன்று நாள் வைத்துக்கொள்ளலாம்.

பனீர் 50 கிராமில் 9 கிராம் புரதமும் 10 கிராமுக்கு மேல் கொழுப்பும் இருக்கும். தோசைக்கல்லில் எண்ணெய் இல்லாமலேயே சிவக்கும். தயிரில் 200 கிராமுக்கு 6 முதல் 7 கிராம் புரதம். மெல்லிய துணியில் மூன்று மணி நேரம் தொங்கவிட்டால் பாதியாகக் கெட்டிப்படும், வெள்ளரிக்காய்த் துண்டுகளைத் தொட்டுச் சாப்பிட நன்றாக இருக்கும். வடிந்த தண்ணீரைக் கொட்டாமல் சப்பாத்தி மாவு பிசையுங்கள். மோரை மட்டும் புரதம் என்று எண்ண வேண்டாம்: ஐந்தாறு ஸ்பூன் தயிரில் ஒரு பெரிய டம்ளர் மோர் வந்துவிடும், அதில் 2 அல்லது 3 கிராம்தான். வெயிலுக்கு அதைவிட நல்ல பானம் இல்லை, அந்த மரியாதையோடு குடிக்கலாம். பால் பாக்கெட்டின் நிறத்தைப் பற்றியும் கேட்பார்கள். 3 சதவீதக் கொழுப்புள்ள பாலுக்கும் 6 சதவீதப் பாலுக்கும் புரதத்தில் பெரிய வித்தியாசம் இல்லை, கொழுப்பில்தான் வித்தியாசம். ஆகவே எடை குறைப்பவர் 3 சதவீதத்துக்கு மாறினால் நஷ்டமில்லை.

அலுவலகப் பைக்கு ஈரமில்லாத பொருள் வேண்டும். சித்திரை வெயிலில் மதியம் வரை பையில் கிடந்த தேங்காய்ச் சுண்டலைச் சாப்பிடாதீர்கள். 20 கிராம் பொரி, 30 கிராம் பொட்டுக்கடலை, 10 கிராம் வறுத்த வேர்க்கடலை கலந்தால் 240 கலோரி, 10 கிராமுக்கு மேல் புரதம், பெரிய டப்பா நிறைய. ஆயுதபூஜைக்குப் பிறகு வீடு வீடாக மிஞ்சும் சரக்கு இதுவே. தோலோடு வறுத்த உப்புக்கடலை இன்னும் மேல், நார்ச்சத்து கூட. அதிலுள்ள உப்பு ரத்த அழுத்தக்காரர்களுக்கு ஆகாது, உப்பில்லாமல் வறுத்ததைக் கேட்டு வாங்குங்கள். வேர்க்கடலையை மட்டும் பொட்டலத்திலிருந்து நேராகக் கொறிக்காதீர்கள். 30 கிராம் என்பது மூடிய கை அளவு, 170 கலோரி. படம் பார்த்துக்கொண்டே 100 கிராம் உள்ளே போனால் 560 கலோரி, ஒரு வேளைச் சாப்பாடு. தோலோடு அவித்த கடலை என்றால் உரிக்கும் நேரமே கையைக் கட்டுப்படுத்தும். கோவில்பட்டிக் கடலைமிட்டாய் ருசியானது, ஆனால் வெல்லப்பாகு சேர்ந்த அதை இனிப்பு என்ற கணக்கில் எழுதுங்கள்.

டீக்கடை தவிர வழியில்லாத நாள் எல்லோருக்கும் வரும். டீயில் சர்க்கரை வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லுங்கள். இரண்டு ஸ்பூன் சர்க்கரை 40 கலோரி, நாளுக்கு மூன்று டீ என்றால் 120. வடையும் பஜ்ஜியும் பக்கத்தில் இருந்தால் வடை ஒன்று எடுங்கள். பருப்பாவது இருக்கிறது. ஆனால் ஒரு மெதுவடையில் 3 முதல் 4 கிராம் புரதத்துக்கு 100-க்கு மேல் கலோரி வரும், நாலு வடை தின்று 12 கிராம் எடுப்பது இந்தக் கணக்கு ஆகாது. பல டீக்கடைகளில் அவித்த முட்டை இருக்கும், கேளுங்கள்.

சத்துமாவுக் கஞ்சியைப் பற்றி நிறையப் பேருக்கு மனத்தாங்கல் வரும், ஆனாலும் சொல்ல வேண்டும். இரண்டு டேபிள்ஸ்பூன் மாவில் 3 கிராம் அளவுதான் புரதம். வெல்லமும் பாலும் சேர்ந்து கலோரி 200 தொடும். வளரும் பிள்ளைக்கும் உடல் தேற வேண்டியவருக்கும் நல்ல உணவு, எடை குறைப்பவருக்கு மாலை வேளைக்கு ஏற்றதல்ல. ‘ஹை புரோட்டீன்’ என்று அட்டையில் போட்ட பிஸ்கட், பார் வகைகளை வாங்கும்முன் பின்பக்கம் திருப்பி 100 கிராமுக்கான கலோரியையும் புரதத்தையும் பாருங்கள். 450 கலோரிக்கு 10 கிராம் என்றால் 100 கலோரிக்கு 2 கிராம்தான், சாதாரண பிஸ்கட்டிலிருந்து அதிக தூரமில்லை. புரோட்டீன் பவுடரைப் பொறுத்தவரை, தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2024 வழிகாட்டுதலே தசை வளர்க்க அதை நாட வேண்டாம் என்கிறது. சாதாரணமாக எடை குறைக்கும் ஒருவருக்கு மேலே சொன்ன பொருட்களிலேயே தேவை நிறைவேறிவிடும்.

இரவுச் சாப்பாடு குறைய வேண்டும்

இதை அழுத்திச் சொல்ல வேண்டும். சுண்டல் எடையைக் குறைக்காது. மிக்சர் இருந்த இடத்தில் சுண்டல் வந்து, அதனால் இரவுப் பசி தணிந்து, தோசை நான்கிலிருந்து இரண்டானால்தான் எடை குறையும். பழைய மிக்சரும் நான்கு தோசையும் அப்படியே இருக்க மேலே சுண்டல் சேர்ந்தால் எடை கூடும். ‘ஆரோக்கியமாகத்தான் சாப்பிடுகிறேன், எடை ஏறுகிறது’ என்பவர்களின் கதை பெரும்பாலும் இதுதான்.

கணக்கைப் பாருங்கள். முன்பு: சர்க்கரை போட்ட டீ 85, மிக்சர் 50 கிராம் 270, தோசை நான்கு 500, மொத்தம் 855. இப்போது: சர்க்கரையில்லா டீ 45, தாளித்த சுண்டல் 225, தோசை இரண்டு 250, மொத்தம் 520. நாளுக்கு 300-க்கு மேல் மிச்சம், புரதமோ கூடியிருக்கிறது. கணக்குப்படி மாதம் ஒரு கிலோவுக்குச் சற்று மேல் இறங்க வேண்டும். நடைமுறையில் அதைவிடக் கொஞ்சம் குறைவாக இறங்கும், அது சரியான வேகம்.

நேரமும் கணக்கில் உண்டு. பசி கொளுத்துவதற்கு முன்பே, நான்கே முக்காலுக்கும் ஐந்தரைக்கும் இடையில் சாப்பிடுங்கள். ஏழு மணிக்குச் சுண்டல், எட்டரைக்குத் தோசை என்றால் இரண்டும் ஒரே சாப்பாடாகிவிடும். இரவு ஒன்பதுக்கு மேல்தான் வீடு சேர முடியும் என்பவர்கள் சுண்டலை ஆறரைக்குத் தள்ளி, இரவில் ஒரு தோசையும் நிறையக் காயும் என்று வைத்துக்கொள்ளலாம்.

தோசைக்குப் பதில் அடை என்றால் இன்னும் நல்லது, ஆனால் வழக்கமான சரிபாதி அரிசி விகிதத்தை மாற்றுங்கள். ஒரு பங்கு அரிசிக்கு மூன்று பங்கு பருப்பு: கடலை, துவரை, பாசி, கொஞ்சம் உளுந்து. மூன்று மணி நேரம் ஊறவைத்துக் கரகரப்பாக, கெட்டியாக அரைக்க வேண்டும். அரிசி குறைந்த மாவை நைசாக அரைத்தால் கல்லில் ஒட்டும், திருப்பும்போது பிய்ந்துவரும். மிதமான தீயில் மூடிபோட்டு வேகவைத்துத் திருப்புங்கள், ஓரத்தில் ஒரு டீஸ்பூன் எண்ணெய், ஒரு கை முருங்கைக்கீரை. ஒரு நடுத்தர அடையில் 6 கிராம் புரதம் இருக்கும், இரண்டு போதும்.

எடை நகராவிட்டால்

வாரத்தில் ஒரே நாள், காலையில், கழிவறை போய்விட்டு வந்து, சாப்பிடும் முன் எடை பாருங்கள். தினமும் பார்த்தால் முதல் நாள் சாப்பிட்ட ஊறுகாயும் அப்பளமும் தேக்கிய தண்ணீரே ஒரு கிலோ ஏறியதாகக் காட்டும். பெண்களுக்கு மாதவிலக்கை ஒட்டியும் ஏறும். இடுப்புச் சுற்றளவையும் மாதம் ஒருமுறை எழுதிவையுங்கள். ஆண்களுக்கு 90 சென்டிமீட்டரும் பெண்களுக்கு 80 சென்டிமீட்டரும் நமக்கான எல்லை. எடை நின்றாலும் இடுப்பு குறைந்துகொண்டிருக்கலாம்.

மூன்று வாரமாக இரண்டும் அசையவில்லை என்றால் முதலில் எண்ணெயைப் பாருங்கள். மாதத்துக்கு எத்தனை லிட்டர் வாங்குகிறீர்கள் என்று மளிகைச் சீட்டைப் பார்த்தாலே தெரியும். ஆளுக்கு அரை லிட்டர் என்பது நல்ல கணக்கு, நால்வர் வீட்டுக்கு இரண்டு லிட்டர். நான்கு லிட்டர் வாங்கும் வீட்டில் சுண்டல் எவ்வளவு அளந்து செய்தாலும் பலன் தெரியாது. அடுத்தது பிள்ளைகள் தட்டில் மிச்சம் வைத்ததைச் சாப்பிடும் வழக்கம். அதற்கடுத்தது ஞாயிற்றுக்கிழமை. ஆறு நாள் மிச்சம் பிடித்த 1,800 கலோரியை ஒரு பிரியாணி மதியமும் ஒரு ஹோட்டல் இரவும் எளிதாகத் திருப்பி எடுத்துவிடும்.

புரதம் தசையாக நிற்க வேண்டுமானால் தசைக்கு வேலையும் வேண்டும். நடைப்பயிற்சி மட்டும் போதாது. நாற்காலியில் கை ஊன்றாமல் பத்து முறை உட்கார்ந்து எழுவது, சுவரில் கை வைத்துத் தள்ளுவது, இரண்டையும் மூன்று சுற்று, வாரத்தில் மூன்று நாள் செய்தால் நல்ல தொடக்கம். அறுபது வயதைத் தாண்டியவர்களுக்கு இது இன்னும் அவசியம். பல் இல்லாதவர்களுக்குக் கடலைக்குப் பதில் மசித்த பாசிப்பயறு, மெத்தென்று வெந்த முட்டை, தயிர்.

சிலர் மருத்துவரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்டக் கூடாது. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், ரத்தத்தில் கிரியாட்டினின் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவு) கூடியிருப்பவர்கள் இதில் முதலில் வருவார்கள். பத்தாண்டுக்கு மேல் சர்க்கரை நோய் உள்ளவர்கள் ஒருமுறை கிரியாட்டினினும் சிறுநீரில் ஆல்புமின் என்ற புரதம் போகிறதா என்றும் பார்த்துவிட்டுத் தொடங்குவது நல்லது. இன்சுலின் போடுபவர்களும் கிளிமிப்பிரைடு வகை மாத்திரை எடுப்பவர்களும் இரவுச் சாப்பாட்டைத் திடீரெனப் பாதியாக்கினால் நள்ளிரவில் சர்க்கரை தாழ்ந்துபோகும். அவர்கள் தோசையைக் குறைக்கும் முன் மாத்திரை அளவை மருத்துவரிடம் பேசி மாற்றிக்கொள்ள வேண்டும். கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மார்களும் சுண்டலைத் தாராளமாகச் சாப்பிடலாம், இரவுச் சாப்பாட்டை மட்டும் குறைக்க வேண்டாம்.